மூன்றாம் பாட்டுப் பாடிய பெரியவருக்கு ஒரு குட்டான் பனங்கட்டி

சிவமயம்

சண்டிலிப்பாய்,
பங்குனி 1994.

அன்புள்ள மைத்துனர் சிவசுப்பிரமணியம் அவர்கட்கு,

அத்தான் பொன்னம்பலம் எழுதுவது. கல்வளைப் பிள்ளையாரின் காவலில் நானும் உமது அக்கா செல்வநாயகியும் இன்று காலைவரை சுகமாக இருக்கிறோம். பம்பாயில் உமக்கும் உமது பாரியாருக்கும் பிள்ளைகளுக்கும் அதே பிள்ளையார் பக்கத்தில் நின்று ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வாராக. நீர் அனுப்பிய பாட்டுக் கசற் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

கசற் வந்தது என்றேன், வந்த விதத்தையும் கேளும். உமது சிநேகிதரின் தங்கை கொழும்பிலிருந்து வந்து, கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறுவதற்கு முன்னரே, பாரம் என்று கசற்றின் கூட்டையும் அதற்குள் இருந்த படமட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளிருந்ததை மட்டும் பால்மா ரின்னுக்குள் புதைத்துக்கொண்டு வந்தாவாம். ஆகவே படத்தின் பெயர் தெரியாது, பாடியவர் பெயர் தெரியாது, இசையமைத்த மகானின் பெயரும் தெரியாது. இன்றைக்கும் கசற்றைத் தட்டினால் பால்மா கொட்டுகிறது. 'இது பெரிய சரித்திரப் படம் அத்தான், யானை குதிரையெல்லாம் ஆயிரக்கணக்கில் வருகுது, பாட்டுக்காகவே சனம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்குது' என்று உமது கடிதத்தில் ஒரு வரி இருந்ததல்லவா, எங்களுக்குக் கிடைத்த ஆதாரம் அவ்வளவுதான். மீதிக் கதையை நாங்கள் பாட்டைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டோம்.

இங்கே பாட்டுக் கேட்பது எப்படி என்று பம்பாயில் இருக்கிற உமக்கு விளங்காது. கரண்ட் நின்று வருடக்கணக்காகிறது. பற்றரி கொண்டுவரத் தடை. ஆகவே விறாந்தைத் தூணோடு சைக்கிளைச் சேர்த்துக் கட்டி, ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லு அந்தரத்தில் சுற்ற, சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து கசற்றும் போடக்கூடிய ரேடியோப் பெட்டியில் கொடுத்து, ஒருவர் ஏறியிருந்து மிதிக்க வேண்டும். மிதித்தால் பாடும். காலை எடுத்தால், பாடுகிறவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். செய்தி கேட்பதும் இப்படித்தான். செய்தி வாசிக்கிறவரின் குரலில் ஒரு குறையும் இல்லாதபடியால் டைனமோவும் பெட்டியும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பது எங்கள் முடிபு. பெட்டி எங்கள் மகன், உமது மருமகன் கேதீஸ்வரனுடையது. வெளிநாடு போகும்போது தன் கசற் முழுவதையும் சிநேகிதப் பெடியளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பெட்டியை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனவன். ஆகையால் உமது கசற்தான் இந்த வீட்டில் இருக்கிற ஒரேயொரு கசற்.

கேதீஸ்வரனைப் பற்றி எழுதாமல் அந்தக் கசற் செய்த காரியத்தை எழுத முடியாது. அவன் மொஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கடிதம் போட்டான். அதற்குப் பிறகு ஒரு துண்டும் இல்லை. தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் வீட்டுக்குத் தபால் வரவில்லை என்று ஊரில் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். உமது அக்காவைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. முதலில் இராச்சாப்பாட்டை விட்டா. பிறகு மத்தியானச் சாப்பாட்டையும் விட்டா. வெறும் தேத்தண்ணியோடு வாசல் படலைக்குப் பக்கத்தில் போய், ஆள் போய்வருகிற ஒழுங்கையைப் பார்த்தபடி இருப்பா. கூப்பிட்டால் 'ஓம் வாறன்' என்று சொல்லுவா, வரமாட்டா. பெரியாஸ்பத்திரியில் இருந்து இளைப்பாறிய டொக்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மருந்து இப்ப இல்லை, இருந்தாலும் இதுக்கு மருந்து இல்லை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். சட்டை தோளில் நிற்காமல் வழுக்குகிற அளவுக்கு உமது அக்கா மெலிந்துபோனா. எனக்குப் பயம் பிடித்துவிட்டது, மைத்துனர். மகனைத் தேடித் தேடியே மனிசியையும் பறிகொடுக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் கசற் வந்தது. பக்கத்து வீட்டு ஜெபரட்ணத்தை நீர் மறந்திருக்கமாட்டீர். ரயில்வே கார்ட்டாக இருந்தவர். இங்கே இப்போது ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை, ஆனால் அவர் மட்டும் இன்னும் கார்ட்தான், அவருக்கு நானும் இன்னும் போஸ்ற் மாஸ்ரர்தான். மிதிப்பதற்கு முறை வைத்துக்கொண்டோம். எனக்கு வலது முழங்காலில் வாதம், அவருக்கு வயிறு முன்னால் வந்து பெடலை மறைக்கும். "மாஸ்ரர், கூட்ஸ் றெயின் ஓடுற மாதிரி ஒரே சீராய் மிதிக்கவேணும், அவசரப்பட்டால் சங்கீதம் கெட்டுப்போம்" என்று அவர் சட்டம் போட்டார். நானும் சம்மதித்தேன். எங்கள் இருவர் காலுக்கும் வேறு வழியும் இல்லை.

முதல் நாள் மிதித்தவன் நான். அந்த முழக்கத்தை எப்படி எழுதுவேன்! முரசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிலத்துக்குக் கீழே ஏதோ ஒன்று புரண்டு படுத்ததுபோல இருந்தது. பிறகுதான் அது யானைப்படை நடக்கிற சத்தம் என்று விளங்கியது. அதுவும் எப்படி நடக்கிறது! ஒரு காலை வைத்த யானை மற்றக் காலை வைப்பதற்கு முன்னர் யோசிக்கிறது. இராச்சியத்தின் பாரம் முழுவதும் அதன் முதுகில் இருப்பது அந்த யோசனையில் தெரிகிறது. அதன்மேல் ஒரு சங்கு எழும்பிற்று, எழும்பினது கீழே இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது. பிறகு ஆயிரம் பேர் ஒரே குரலில் பாடினார்கள். எல்லாரும் ஆம்பிளைகள், எல்லாரும் வயது போனவர்கள். கிழவர்களை மட்டும் தேடிப் பிடித்து இவ்வளவு பெரிய பாட்டுக்குழு சேர்த்த அந்த இசையமைப்பாளரை என்னவென்று சொல்வது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜெபரட்ணம் கதிரையை விட்டு எழும்பி, வேதக்கோவிலில் சுவிசேஷம் வாசிக்கும்போது நிற்கிற மாதிரி நின்றுவிட்டார். "மாஸ்ரர், உது மனிசர் செய்த சங்கீதமில்லை" என்றார். முழங்கால் நோவையே நான் மறந்துபோனேன்.

இரண்டாம் பாட்டு போர்க்களம். அது போர் முடிந்த பின்னர் வருகிற பாட்டு என்று நானும், போருக்கு முன்னர் வருகிற பாட்டு என்று ஜெபரட்ணமும் கொஞ்ச நாள் கதை பேச்சில்லாமல் இருந்தோம். அதை விடும். மூன்றாம் பாட்டுக்கு வருகிறேன்.

மூன்றாம் பாட்டில் ஒரு பெரியவர் தனியே பாடுகிறார். வயது எழுபதுக்குக் குறையாது. தொண்டை கட்டின குரல், ஆனால் அதற்குள் ஒரு பெரிய வீடே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் பிரிய மனமில்லாமல் பிரிகிறார். பின்னால் ஒரு பெரிய மணி, கோயில் மணியாகத்தான் இருக்க வேண்டும், ஒவ்வொன்றாக அடிக்கிறது. நடு நடுவே போர்வீரர்கள் "ஹோ… ஹோ…" என்று விம்முகிறார்கள். பாசை இந்தி. ஆனால் ஜெபரட்ணம் ஒருகாலத்தில் பூனாவுக்கு ரயில்வேப் பயிற்சிக்குப் போனவர் அல்லவா, அவர் மொழிபெயர்த்தார். "போய்ட்டு வா மகனே, ஆறு உன்னைத் தாங்கும், குதிரை உன்னைத் தாங்கும், இந்தக் கிழவன்ரை நெஞ்சுதான் தாங்காது எண்டு ராசா பாடுறார்." பூனாவில் தான் கற்றது தண்ணி கேட்கவும் தேத்தண்ணி கேட்கவும் மட்டும் என்று இவர் முன்பு சொன்னதாக எனக்கு ஞாபகம். இவ்வளவு ஆழமான இந்தி எப்போது வந்தது என்று கேட்டேன். "பாசை உள்ளுக்குள்ளை கிடக்கும் மாஸ்ரர், தேவைப்படேக்கை மேலை வரும்" என்றார்.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உமது அக்கா படலையிலிருந்து எழும்பி வந்து குசினி வாசலில் நின்றதை நான் காணவில்லை. பாட்டு முடிந்தது.

"உந்தப் பாட்டை இன்னொருக்காப் போடுங்கோ" என்று ஒரு குரல் கேட்டது.

ஏதும் வேண்டுமென்று கேட்கிற அந்தக் குரலை நான் கேட்டுக் கனகாலம், மைத்துனர். ஜெபரட்ணம் பென்சிலைக் கசற்றின் ஓட்டைக்குள் விட்டுப் பின்னுக்குச் சுற்றினார். நான் மிதித்தேன். பெரியவர் பாடினார். மணி அடித்தது. அக்கா குசினிக்குள் போனா. சாப்பாட்டுக் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. "ஜெபரட்ணம் அண்ணைக்கும் போடட்டோ?" என்று உள்ளிருந்து கேட்டுவிட்டு, தனக்கும் ஒரு கோப்பையில் சோறும் முருங்கைக்காய்க் கறியும் எடுத்துக்கொண்டு வந்து விறாந்தைப் படியில் இருந்து சாப்பிட்டா. பிசைந்து, உருட்டி, வாயில் வைத்துச் சாப்பிட்டா! பாட்டு முடிந்து நாலாம் பாட்டு ஓடியது, அதுவும் முடிந்தது, கசற்றின் அந்தப் பக்கமே முடிந்து வெறும் இரைச்சல் ஓடியது. நான் இறங்கவில்லை. இறங்கினால் சாப்பாடு நின்றுவிடும் என்று பயந்து வெறும் இரைச்சலுக்கு மிதித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பாட்டு மனிசருக்குத் தாய்மாதிரி வாயில் வைத்துச் சோறு தீத்துமா? எங்கேயோ பம்பாயில், எங்களைத் தெரியாத ஒருத்தர் போட்ட மெட்டு இஞ்சை சண்டிலிப்பாயிலை வந்து என்ரை மனிசியை எழுப்பிச் சாப்பிட வைக்குதென்றால், அதை நான் என்னவென்று சொல்ல?

அன்று தொடக்கம் ஒவ்வொரு பின்னேரமும் மூன்றாம் பாட்டு. பாட்டு இல்லையென்றால் சாப்பாடு இல்லை. ஆகையால் எனக்குத் தடிமன் என்றாலும் மிதிக்க வேண்டும், காய்ச்சல் என்றாலும் மிதிக்க வேண்டும். ஒருநாள் வேட்டித் தலைப்பைச் செயின் கவ்விக்கொண்டது. ஒழுங்கையால் போன சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ஜெபரட்ணம் கத்திரிக்கோலால் வெட்டித்தான் என்னை விடுவித்தார். அதிலிருந்து கேதீஸ்வரனின் களிசானைப் போட்டுக்கொண்டு மிதிக்கிறேன். இடுப்பில் அது நிற்கிறதில்லை, கயிற்றால் கட்டியிருக்கிறேன், இந்தக் கோலத்தை என் மாமனார் கண்டிருந்தால் பெண்ணைத் தந்திருக்கமாட்டார். இன்னொரு நாள் ஜெபரட்ணத்தின் முறையில் ஸ்ராண்ட் முறிந்து, சைக்கிளும் அவரும் சேர்ந்து கோழிக்கூட்டின் மேல் விழுந்தார்கள். கோழிகள் அந்தக் கிழமை முட்டை இடவில்லை. அப்படி விழுந்தும் அந்த மனிசன் எழும்பி முதல் கேட்டது, "பாட்டு எதிலை நிண்டது மாஸ்ரர்?" என்றுதான்.

பாட்டின் புகழ் ஒழுங்கை தாண்டிப் பரவிவிட்டது. அடுத்த ஒழுங்கைப் பத்மாசினி ரீச்சரின் தகப்பனார் காலமானபோது, எட்டாம் நாள் எட்டுச் செலவன்று அவ எங்களிடம் வந்து, "மாமா, ஐயாவுக்காக அந்தப் பாட்டை ஒருக்காப் போடமாட்டியளோ" என்று கேட்டா. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு முற்றத்தில் கட்டி மிதித்தோம். படையல் படைத்து முடிந்த நேரம். பெரியவர் பாடத் தொடங்கியதும் பெண்கள் குழறி அழுதார்கள். ஆம்பிளைகள் சால்வையால் முகத்தை மூடினார்கள். இறந்தவரோடு காணி எல்லைக்காகக் கதைக்காமல் இருந்த தம்பியார்கூடச் சுவரில் தலையை முட்டி அழுதார். பிரேத வீட்டன்று அழாதவர் அவர்!

ஆகவே மைத்துனர், உம்மிடம் ஒரு காரியம் கேட்கிறேன், மறுக்கக் கூடாது. அந்த இசையமைப்பாளர் பம்பாயில்தான் இருப்பார். எப்படியாவது விசாரித்து அவர் வீட்டுக்கு நேரில் போம். வேட்டி கட்டிக்கொண்டு போம், களிசானோடு போகாதேயும். யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய் என்ற ஊரில், ஒரு தாய் அவருடைய மூன்றாம் பாட்டால் சோறு சாப்பிடுகிறாள் என்று சொல்லும். பிள்ளையைப் பிரிந்த நெஞ்சை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர் தானும் ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு இருக்கிறவராகத்தான் இருக்க வேண்டும், அப்படியென்றால் அவர் பிள்ளை சுகமாக வந்து சேர நாங்கள் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறோம் என்றும் சொல்லும். மூன்றாம் பாட்டுப் பாடிய பெரியவரையும் தேடிப் பிடியும். அந்த வயதில் அவருக்கு இனிப்பு ஆகுமோ தெரியாது, ஆனாலும் கடிதம் கொண்டு வருகிறவரிடம் ஓலையில் இழைத்த ஒரு குட்டான் பனங்கட்டி கொடுத்து விடுகிறேன். அதை அவர் கையில் கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, தொண்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லும். சுடுதண்ணியில் மிளகு போட்டுக் குடிக்கட்டும்.

மற்றும் விசேடம் ஒன்றுமில்லை. ஜெபரட்ணமும் அவர் மனைவி நேசமலரும் உம்மை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். அக்கா தன் அன்பைச் சொல்லச் சொன்னா. உமது வீட்டில் விளக்கும் உலையும் ஒருநாளும் அணையாதிருக்கட்டும் என்று ஆசீர்வதித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உமது அத்தான்
வே. பொன்னம்பலம்
(இளைப்பாறிய தபாலதிபர்)

பி.கு.: மேலே எழுதியது ஒன்றையும் செய்யாதேயும். இசையமைப்பாளர் வீட்டுப் பக்கமே போகாதேயும். பனங்கட்டியை நீரே சாப்பிடும்.

கிளாலிப் பாதை சரியில்லை என்று கடிதம் கொண்டு போகிறவர் பயணத்தைத் தள்ளிப்போட்டார். அதற்குள் எங்கள் ஊர் இராசசிங்கம் வீட்டுக் கலியாணம் வந்தது. அவர்கள் வீடியோ எடுப்பதற்காக மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர் பிடித்திருந்தார்கள், லவுட்ஸ்பீக்கரும் கட்டியிருந்தார்கள். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற நேரம் இராசசிங்கம் வந்து, "மாஸ்ரர், பிரிஞ்சு போற நேரம், உங்கடை பாட்டுத்தான் பொருத்தம், கொண்டு வாங்கோ" என்றார். மிதிக்காமல், பெரிய சத்தத்தில், அக்காவுக்கு ஒருமுறை கேட்கக் கொடுத்துவைத்ததே என்று எனக்கு ஒரே சந்தோசம், ஒரே புழுகம். மைக்கைப் பிடித்து, சபையோரே, இனி வரப்போவது ஒரு வயோதிப மன்னன் தன் மைந்தனைப் பிரிகிற கீதம், தயவுசெய்து அமைதி காக்கவும் என்று சொன்னேன். சனம் அமைதி காத்தது. பத்மாசினி ரீச்சர் கண் துடைக்க லேஞ்சியைக் கையில் எடுத்து ஆயத்தமாக இருந்தா.

பட்டனை அமத்தினார்கள்.

என்ரை ஐயோ! கசற் குதிரைமாதிரிப் பாய்ந்தது. அந்தப் பெரியவர் பெரியவர் இல்லை, மைத்துனர், பதினாறு வயதுப் பெட்டை! கோயில் மணி என்றேனே, அது சலங்கை. விம்மின வீரர்கள் விம்மவில்லை, ஒரு கூட்டம் பெட்டையள் கெக்கட்டமிட்டுச் சிரிக்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளைத் தோழன் எழும்பி நின்று, "அங்கிள், இது ராசகுமாரி தோழியளோடை ஊஞ்சலாடுற பாட்டு, நான் படம் பாத்தனான்" என்றான். நாங்கள் டைனமோவில் மிதித்த மிதியில் அது பாதி வேகத்தில் ஓடியிருக்கிறது. ரேடியோவின் குரல் மாறாது, கசற் மட்டும் இழுபடும் என்று அவனே விளக்கமும் சொன்னான். பந்தலுக்குள் சின்னப் பிள்ளைகள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். பத்மாசினி ரீச்சர் என்னிடம் வந்து, "மாமா, ஐயாவின்ரை எட்டுக்கு உந்தப் பாட்டையோ போட்டனீங்கள்?" என்று கேட்டா. மொழிபெயர்ப்பாளரை அழைப்போம் என்று ஜெபரட்ணத்தைத் தேடினேன். அவர் குனிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தார், காலில் செருப்பு இருந்தது.

நான் திரும்பி அக்காவைப் பார்க்கவே பயந்தேன். பார்த்தால், அவ சிரிக்கிறா. சேலைத் தலைப்பை வாயில் வைத்து, தோள் குலுங்க, கண்ணீர் வடிய வடியச் சிரிக்கிறா. மகன் போன நாள் தொடக்கம் அந்த முகத்தில் நான் காணாத சிரிப்பு.

வீட்டுக்கு வரும் வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றா.

"என்ன தெரியும்?"

"பாடுறது பொம்பிளை எண்டு. மூச்செடுக்கேக்கை தெரியாதே? ஜெபரட்ணம் அண்ணையின்ரை இந்தியும் எனக்குத் தெரியும். பாட்டுக்கோ நான் சாப்பிட்டனான்? வயசுபோன ரெண்டு மனிசர் என்னைச் சாப்பிடப் பண்ண எண்டு வேர்க்க வேர்க்க மிதிக்கேக்கை, நான் என்னெண்டு சாப்பிடாமல் இருக்கிறது?"

அந்த இசையமைப்பாளர் பெரிய மனிசன்தான், மைத்துனர், அதை மட்டும் நான் திருப்பி எடுக்கமாட்டேன். ஊஞ்சலாட என்று அவர் போட்ட மெட்டை எவ்வளவு கீழே இழுத்தும் அது அறுந்துபோகவில்லை, அழுகிறவளுக்கும் இடம் விட்டிருக்கிறது. ஆனால் இதைப் போய் அவரிடம் சொல்லாதேயும்.

படலையடியில் வந்து, "அப்ப இனி மிதிக்கத் தேவையில்லைத்தானே?" என்று கேட்டேன். அக்கா படலையைத் திறந்துபிடித்தபடி சொன்னா.

"அந்தப் பெட்டை அங்கை ஆடட்டும், பாவம், சிரிச்சுக்கொண்டிருக்கட்டும். பிள்ளையின்ரை கடிதம் வருமட்டும் எனக்குக் கிழவர்தான் பாடவேணும். நீங்கள் உங்கடை பாட்டிலை மெதுவா மிதியுங்கோ."